நெருப்பு வேறு, புகை வேறு: நிலக்கரி எரித்த லண்டனின் பிள்ளைகள்

1940களிலும் 50களிலும் லண்டனில் சிறு பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். பலர் எண்பதையும் தாண்டிவிட்டார்கள். அவர்களுடைய குளிர்கால நினைவுகள் வாய்மொழி வரலாறாக நிறையப் பதிவாகியிருக்கின்றன. வரிசையாகப் படித்துக்கொண்டு போனால் இரண்டு வகை நினைவுகள் மாறி மாறி வருவது தெரியும்.

ஒன்று வீட்டுக்குள் நடப்பது. அதிகாலையில் அம்மா எழுந்து கணப்பில் கிடக்கும் நேற்றைய சாம்பலை வாருகிறாள். பழைய செய்தித்தாளைச் சுருட்டி வைத்து, மேலே சுள்ளி அடுக்கி, அதற்கும் மேல் நிலக்கரித் துண்டுகளை வைத்து மூட்டுகிறாள். வீட்டில் வேறெந்த அறையிலும் சூடு கிடையாது என்பதால் பிள்ளைகள் பள்ளி உடுப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவந்து அந்த நெருப்புக்கு முன்னால் நின்றுதான் மாட்டிக்கொள்கிறார்கள். முன்பக்கம் சுடும், முதுகு விறைக்கும். மாலையில் நீளமான முள்கரண்டியில் ரொட்டித் துண்டைக் குத்தி அதே நெருப்பில் வாட்டித் தின்பார்கள். வானொலி அங்கேதான், வீட்டுப்பாடம் அங்கேதான், வார ஒருநாள் குளியல்கூடப் பல வீடுகளில் அங்கேதான்.

மற்றது தெருவில் நடப்பது. மஞ்சளும் பச்சையும் கலந்த மூட்டம். தீக்குச்சி உரசியதுபோன்ற கந்தக நெடி, தொண்டையில் ஒரு உலோகச் சுவை. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. சுவரைத் தடவிக்கொண்டும், நடைபாதை விளிம்பைக் காலால் துழாவிக்கொண்டும் வீடு வந்து சேர்ந்திருக்கிறார்கள். வாயை மூடிக் கட்டிய கம்பளித் துணியில் உதடு இருந்த இடத்தில் கருவட்டம். மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை கருப்பு.

இரண்டு நினைவுகளும் துல்லியமானவை. ஆனால் ஒன்றுக்கு மற்றது காரணம் என்று சேர்த்துச் சொல்கிறவர்கள் அரிது. கணப்பு என்பது வீடு, மூட்டம் என்பது பருவநிலை. தேம்ஸ் நதிக்கரை நகரத்தில் குளிர்காலம் வந்தால் பனிமூட்டமும் வரும், அதில் யார் என்ன செய்ய முடியும் என்றுதான் பெரியவர்களும் நினைத்தார்கள். பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, ஒரு தேசத்துக்கே இருந்த இந்தப் பார்வைக் குறைபாடு விலகத்தான் அத்தனை காலம் பிடித்தது.

அந்தக் கணப்புகளில் எரிந்தது எது என்று முதலில் பார்க்கலாம். பிரிட்டனில் வீடுகளுக்கு விற்றது பெரும்பாலும் பிட்டுமினஸ் வகை நிலக்கரி. அதன் எடையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், சூடேறினால் ஆவியாகிவிடும் பொருட்கள். நன்றாகக் கனன்றுகொண்டிருக்கும் நெருப்பின் மேல் புதுக் கரியைப் போட்டதும் முதலில் வெளியே வருவது இந்தத் தார் கலந்த ஆவிதான். போதுமான வெப்பமும் காற்றும் சேர்ந்திருந்தால் அதுவும் எரிந்து தீர்ந்துவிடும். திறந்த கணப்பில் அந்த வசதி இல்லை. ஈரவிறகை அடுப்பில் செருகியதும் சமையலறையே கண்ணெரியப் புகைவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். பாதி எரிந்த ஆவி கரித்துகளாகி, கரியிலிருந்த கந்தகம் சல்ஃபர் டை ஆக்சைடாகி, இரண்டும் சேர்ந்து புகைபோக்கி வழியே போய்விடும். கூடவே நெருப்பின் சூட்டில் பெரும்பகுதியும் போய்விடும். அறைக்குக் கிடைத்தது மிச்சம்தான்.

ஆலைகளிலும் மின்நிலையங்களிலும் இதைவிடப் பல மடங்கு கரி எரிந்தது. ஆனால் அங்கே உலை பெரிது, வெப்பம் அதிகம், கரி முழுதாக எரிய வாய்ப்பும் அதிகம். புகைபோக்கியும் உயரம். வீட்டுப் புகையோ கூரையை ஒட்டி, மக்கள் மூச்சுவிடும் உயரத்திலிருந்து கொஞ்சம் மேலே வெளியேறியது. பின்னாளில் அரசுக் குழு கணக்குப் பார்த்தபோது, நாட்டில் எரியும் கரியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே வீடுகளில் எரிவதும், மொத்தப் புகையில் ஏறக்குறைய பாதி அங்கிருந்தே வருவதும் தெரிந்தது. வில்லன் என்று எல்லாரும் ஆலைக் கூண்டையே கை காட்டிக்கொண்டிருந்த நேரத்தில் வந்த கணக்கு இது.

சரி, 1952 டிசம்பருக்கு வருவோம். போர் முடிந்து ஏழு ஆண்டு ஆகியும் பிரிட்டனில் நிலக்கரிக்குப் பங்கீடு நீங்கவில்லை. நல்ல கரியை ஏற்றுமதி செய்து அந்நியச் செலாவணி ஈட்டினார்கள். வீடுகளுக்கு ஈடுகட்ட, டிசம்பர் 1ஆம் தேதியிலிருந்து பொடியும் சிறு துண்டும் கலந்த மலிவுக் கரியைப் பங்கீட்டுக் கட்டுப்பாடு இல்லாமல் விற்க அரசு அனுமதித்தது. ‘நட்டி ஸ்லாக்’ என்று அதற்குப் பெயர். புகை அதிகம், சூடு குறைவு. அது கடைக்கு வந்த அதே வாரம் லண்டன்மேல் ஒரு உயரழுத்த மண்டலம் வந்து நகராமல் நின்றது.

சாதாரணமாகத் தரையருகே காற்று சூடாகவும் மேலே போகப்போகக் குளிராகவும் இருக்கும். சூடான காற்று மேலெழும்போது புகையையும் தூக்கிக்கொண்டு போகும். அந்த நாட்களில் இது தலைகீழாகிவிட்டது. தரையில் கடும் குளிர்காற்று, அதன்மேல் மூடிபோலச் சூடான அடுக்கு, காற்றோட்டம் அறவே இல்லை. குளிர் அதிகமானதால் வீடு வீடாக இன்னும் கொஞ்சம் கரியைப் போட்டார்கள். போட்ட கரியின் புகை மேலே போக வழியில்லாமல் தெருவிலேயே தங்கியது. மூட்டம் சூரியனை மறைத்ததால் தரை மேலும் குளிர்ந்தது, மறுபடி கரி போட்டார்கள். டிசம்பர் 5 வெள்ளிக்கிழமை தொடங்கி 9 செவ்வாய்க்கிழமை வரை இதுதான் நடந்தது. கவுண்டி ஹாலில் இருந்த அளவீட்டு நிலையத்தில் ஒருநாள் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 4.46 மில்லிகிராம், அதாவது 4,460 மைக்ரோகிராம், புகைத்துகள் பதிவானது. உலகச் சுகாதார நிறுவனம் இன்று பிஎம் 10 எனப்படும் நுண்ணிய காற்றுத் துகளுக்கு ஒருநாள் வரம்பாகச் சொல்வது 45 மைக்ரோகிராம். அளவிடும் முறைகள் வேறு வேறு, நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் சுமார் நூறு மடங்கு என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

கந்தகம் பனித்துளிகளில் கரைந்து அமிலமாக மாறியது. இது எப்படி அவ்வளவு வேகமாக நடந்தது என்பதற்கு 2016இல்தான் ஒரு நல்ல விளக்கம் கிடைத்தது. கரி எரிவதில் உண்டாகும் இன்னொரு வாயுவான நைட்ரஜன் டை ஆக்சைடு, பனித்துளிக்குள் அந்த மாற்றத்தை முடுக்கிவிடுகிறது என்று டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் தலைமையிலான குழு காட்டியது. சீன நகரங்களின் இன்றைய மூட்டத்தை ஆராயப் போய்த்தான் பழைய லண்டன் புதிர் அவர்களுக்கு அவிழ்ந்தது.

பிள்ளைகளின் பார்வையில் அந்த ஐந்து நாட்கள் கிட்டத்தட்ட சாகசம். பஸ்களுக்கு முன்னால் கண்டக்டர் தீப்பந்தம் பிடித்து நடந்தார், அப்புறம் பஸ்களே நின்றுபோயின. பிள்ளை வழிதவறிவிடக் கூடாதென்று பள்ளிக்கு அனுப்பாத பெற்றோர் பலர். சினிமாக் கொட்டகைக்குள்ளும் மூட்டம் நுழைந்து திரையை மறைத்தது. சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் மேடை தெரியாமல் ஓபராவைப் பாதியில் நிறுத்தினார்கள். எர்ல்ஸ் கோர்ட்டில் கால்நடைக் கண்காட்சிக்கு வந்திருந்த பரிசு மாடுகள் மூச்சுத் திணறிச் செத்தன. பத்திரிகைகளில் முதலில் பெரிதாக அடிபட்டது மனிதச் சாவல்ல, இந்த மாட்டுச் சாவுதான்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சாலையில் பிணங்கள் விழுந்து கிடக்கவில்லை. ஏற்கெனவே இருமிக்கொண்டிருந்த தாத்தா, பக்கத்து வீட்டு இதயநோயாளி, பிறந்து சில மாதமே ஆன குழந்தை என்று தனித்தனி வீடுகளில், தனித்தனிக் கட்டில்களில் நடந்த சாவுகள் அவை. ஒவ்வொரு வீட்டுக்கும் அது ஒரு சாவு. குளிர்காலத்தில் நெஞ்சுச்சளி முற்றி வயதானவர் இறப்பது புதிதும் அல்ல. சவப்பெட்டி செய்பவர்களுக்கும் பூக்கடைக்காரர்களுக்கும்தான் ஏதோ சரியில்லை என்று முதலில் உறைத்திருக்கிறது, சரக்கு தீர்ந்துபோனதால். மொத்தமாகக் கூட்டிப் பார்த்தபோதுதான் அளவு புரிந்தது. டிசம்பர் 13இல் முடிந்த வாரத்தில் பெருநகர லண்டனில் 4,703 பேர் இறந்திருந்தார்கள். முந்தைய ஆண்டு அதே வாரத்தில் இறந்தவர்கள் 1,852 பேர். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் சாவு ஏறக்குறைய இரட்டித்திருந்தது.

மூட்டத்தால் கூடுதலாக இறந்தவர்கள் நான்காயிரம் பேர் என்பது நெடுங்காலம் எல்லாரும் சொல்லிவந்த கணக்கு. ஆனால் மூட்டம் விலகிய பிறகும் 1953 ஜனவரி, பிப்ரவரியில் சாவு விகிதம் வழக்கத்தைவிட உயரத்திலேயே இருந்தது. சுகாதார அமைச்சகம் அதை இன்ஃபுளுவென்சாவின் கணக்கில் எழுதியது. 2001இல் மிஷல் பெல், டெவ்ரா டேவிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அந்தப் பழைய பதிவுகளை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். அவ்வளவு சாவையும் ஃப்ளூவின் தலையில் கட்ட முடியாது, உண்மை எண்ணிக்கை பன்னிரண்டாயிரத்தை ஒட்டியிருக்கும் என்பது அவர்கள் வந்து சேர்ந்த முடிவு.

இதில் டெவ்ரா டேவிஸின் கதை தனியாகச் சொல்லவேண்டியது. அவர் வளர்ந்தது அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் டொனோரா என்ற எஃகு ஊரில். 1948 அக்டோபர் இறுதியில் அந்தச் சிற்றூரிலும் இதேபோல் வெப்பநிலை தலைகீழாகி, துத்தநாக ஆலை, எஃகு ஆலை, கரி அடுப்பு எல்லாவற்றின் புகையும் பள்ளத்தாக்கில் தேங்கி, சில நாளில் 20 பேர் இறந்தார்கள், ஆயிரக்கணக்கானோர் நோயுற்றார்கள். டேவிஸ் அப்போது தவழும் வயதைத் தாண்டிய குழந்தை. அந்த ஊரிலேயே வளர்ந்தும், கல்லூரிக்குப் போன பிறகுதான் அப்படியொன்று நடந்ததையே அறிந்ததாக எழுதியிருக்கிறார். ஊரில் யாரும் அதைப் பேசவில்லை. ஆலைதான் சோறு போட்டது. ஜன்னலில் படியும் கரியைத் துடைத்துக்கொண்டே வாழ்ந்தார்கள்.

லண்டனிலும் அரசு துள்ளி எழுந்துவிடவில்லை. வீட்டுவசதி அமைச்சராக இருந்த ஹெரால்ட் மேக்மில்லன் 1953இல் அமைச்சரவைக்கு எழுதிய குறிப்பில், நம்மால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது, ஆனால் மும்முரமாக இருப்பதுபோல் காட்டிக்கொள்ளலாம் என்ற பொருளில் சொல்லியிருக்கிறார். அதற்காக அமைத்த குழு அப்படிச் சும்மா இருந்துவிடவில்லை என்பது அவருடைய துரதிர்ஷ்டமோ, நாட்டின் அதிர்ஷ்டமோ. தலைவர் சர் ஹியூ பீவர், கின்னஸ் மதுபான நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர். கின்னஸ் சாதனைப் புத்தகம் என்ற யோசனைக்குச் சொந்தக்காரரும் இவரே. 1954 நவம்பரில் வந்த அவருடைய அறிக்கை, வீட்டுக் கணப்பைத் தொடாமல் இந்தச் சிக்கல் தீராது என்று வெளிப்படையாகச் சொன்னது. ஜெரால்ட் நபாரோ என்ற ஆளுங்கட்சி எம்.பி. தனிநபர் மசோதா கொண்டுவந்து நெருக்கடி கொடுத்தார். அதன்பின் அரசே ஒரு மசோதா கொண்டுவந்து, 1956இல் தூய காற்றுச் சட்டம் நிறைவேறியது.

சட்டத்தின் மையம், உள்ளாட்சிகள் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகளை அறிவிக்கலாம் என்பது. அங்கே புகையில்லா எரிபொருளைத்தான் பயன்படுத்த வேண்டும். கரியை முன்கூட்டியே சுட்டு ஆவியைப் பிரித்தெடுத்த கல்கரி அதில் ஒன்று. கணப்பை அதற்கேற்ப மாற்றும் செலவில் பெரும்பகுதியை அரசும் உள்ளாட்சியும் ஏற்றன. எல்லாரையும் அதட்டாமல் பகுதி பகுதியாக, காசும் கொடுத்து மாற்றியதுதான் இந்தச் சட்டத்தின் சாமர்த்தியம் என்று நினைக்கிறேன்.

அப்படியும் எதிர்ப்பு இருந்தது. இங்கேதான் அந்த வீட்டுக்குள் நினைவு முக்கியமாகிறது. பீவர் குழுவுக்கு முன்பே இருந்த அரசுகள் வீட்டு நெருப்பைத் தொடத் தயங்கியதற்குக் காரணம் அறியாமை அல்ல. 1661லேயே எழுத்தாளர் ஜான் ஈவ்லின் லண்டன் புகையைப் பற்றி மன்னர் இரண்டாம் சார்லஸுக்கு ஒரு நூலே எழுதிக் கொடுத்திருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் புகைத் தடுப்புச் சட்டங்கள் ஆலைகளைக் குறிவைத்தன, வீடுகளை விட்டுவிட்டன. ஓர் ஆங்கிலேயரின் கணப்பில் தலையிடுவது என்றால் அவருடைய குடும்பத்தில் தலையிடுவதாகத்தான் கருதப்பட்டது. போர்க்காலத்தில் குண்டுவீச்சுக்கு நடுவே அந்த நெருப்பைச் சுற்றித்தான் வீடு கூடியிருந்தது. ஒளிரும் கரியைப் பார்த்துக்கொண்டிருப்பதில் கிடைக்கும் நிறைவை எரிவாயு அடுப்போ மின்சார அடுப்போ தராது என்று வாதாடியவர்களில் அறிவுஜீவிகளும் உண்டு. அந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. குளிர் வீட்டில் ஒரே ஒரு சூடான இடம் என்பது சின்ன விஷயமல்ல. அம்மாவின் காலை வேலையில் பாதி அதைச் சுற்றித்தான் இருந்தது என்பதை மட்டும் அந்த வாதாடிகள் அவ்வளவாகச் சொல்வதில்லை. கரி சுமப்பது, சாம்பல் அள்ளுவது, கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துணியில் கரித்துகள் விழுந்தால் மறுபடி துவைப்பது எல்லாம் அவளுடையவை.

வடக்கே சுரங்க ஊர்களில் காரணம் இன்னும் நேரடி. சுரங்கத் தொழிலாளிக்குச் சம்பளத்தின் ஒரு பகுதியாக இலவசக் கரி வண்டியில் வந்து வாசலில் கொட்டப்படும். அதை எரிக்கக் கூடாது, காசு கொடுத்துக் கல்கரி வாங்கு என்றால் யார் கேட்பார்கள்? புகை மிக அதிகமாக இருந்த ஊர்களில் சில, சட்டத்தைக் கடைசியாக ஏற்ற ஊர்களாகவும் இருந்தன.

ஆகவே 1956ஓடு புகை ஒழிந்தது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். 1962 டிசம்பரில் மறுபடியும் ஒரு பெரிய மூட்டம் லண்டனில் பல நூறு பேரைக் கொண்டுபோனது. கணப்பை உண்மையாக அணைத்ததில் வட கடலுக்குப் பங்கு உண்டு. 1965இல் அங்கே இயற்கை எரிவாயு கிடைத்தது. 1967 முதல் 1977 வரை நாடு முழுக்க வீடு வீடாகப் போய் எரிவாயுச் சாதனங்களை அதற்கு மாற்றிக் கொடுத்தார்கள். மைய வெப்பமூட்டல் வந்தது, எல்லா அறையும் சூடானது. சட்டம் மட்டும் இருந்து மாற்று இல்லாமல் போயிருந்தால் கதை எப்படி முடிந்திருக்கும் என்பது ஒரு நல்ல கேள்வி.

நினைவுக்கு எட்டாத வயதில் அந்த ஐந்து நாட்களைக் கடந்த குழந்தைகளைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. பிரசாந்த் பரத்வாஜும் சக ஆய்வாளர்களும், 1945 முதல் 1955 வரை பிறந்தவர்களின் உடல்நல விவரங்களைச் சேர்த்து 2016இல் வெளியிட்டார்கள். தன் முதல் வயதில் லண்டனில் அந்த மூட்டத்துக்கு ஆளான குழந்தைக்குச் சிறுவயதில் ஆஸ்துமா வரும் வாய்ப்பு சுமார் 20 சதவீதப் புள்ளி கூடியிருந்தது. அவர்களுக்கு அந்த மஞ்சள் மூட்டம் நினைவில்லை. இன்னொரு சான்று மருத்துவமனை அலமாரியில் இருந்தது. அப்போது இறந்தவர்களின் நுரையீரல் திசுவை லண்டன் மருத்துவமனை ஒன்று பாதுகாத்து வைத்திருந்தது. அரை நூற்றாண்டு கழித்து மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது கரித்துகளும் ஈயம், துத்தநாகம் போன்ற உலோகத் துகள்களும் அப்படியே தெரிந்தன.

ஊரின் நிறமே மாறிப்போயிருந்ததற்குப் பிரதமர் இல்லம் நல்ல எடுத்துக்காட்டு. டவுனிங் தெரு 10ஆம் எண் வீட்டை 1960களின் தொடக்கத்தில் புதுப்பித்தபோது, கருப்பு என்று எல்லாரும் நினைத்திருந்த செங்கல் உண்மையில் மஞ்சள் என்று தெரியவந்தது. இரண்டு நூற்றாண்டுப் புகை ஏறிக் கருத்திருக்கிறது. கழுவிவிட்டு, பழகிய தோற்றம் போய்விடக் கூடாதென்று கருப்பு வண்ணம் பூசினார்கள். இன்றும் தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது அந்தப் பூச்சைத்தான். பூச்சிகளின் நிறமும் தப்பவில்லை. மான்செஸ்டரில் 1848இல் முதன்முதலாகப் பதிவான கருப்பு நிறப் புள்ளி அந்துப்பூச்சி, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அங்கே நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு ஆகிவிட்டது. கரி படிந்த மரத்தில் வெளிர் நிறப் பூச்சியைப் பறவைகள் எளிதாகக் கொத்தின. புகை குறைந்ததும் கருப்புப் பூச்சி அருகி, வெளிர் பூச்சி திரும்பி வந்தது.

டப்ளினில் இதே கதை முப்பது ஆண்டு தாமதமாக, கொஞ்சம் வினோதமாக நடந்தது. எண்ணெய் விலை ஏறியதால் 1980 வாக்கில் அயர்லாந்து அரசே மானியம் கொடுத்து மக்களைத் திட எரிபொருளுக்குத் திருப்பியது. 1982 ஜனவரியில் ஒரு கடும் மூட்டத்தில் மருத்துவமனைச் சாவுகள் கூடின. 1990 செப்டம்பர் 1 முதல் நகரில் பிட்டுமினஸ் கரி விற்கத் தடை வந்தது. அடுத்த ஆண்டுகளில் காற்றிலிருந்த கரும்புகை சுமார் 70 சதவீதம் சரிந்தது. இதயநோய்ச் சாவும் சுவாசநோய்ச் சாவும் குறைந்ததாக 2002இல் ஓர் ஆய்வு சொன்னது. பின்னாளில் அதை மறுபரிசோதனை செய்தபோது சுவாசநோய் பற்றிய பகுதி மட்டுமே உறுதியாக நின்றது. அன்றைய டப்ளின் பிள்ளைகளுக்கு இப்போது ஐம்பது சொச்சம் வயது. கரிப்புகை தாத்தா காலத்துச் சங்கதி என்று ஐரோப்பாவில் பேசுவதற்கில்லை.

மங்கோலியாவின் உலான்பாதரில் அது இன்றைய பிள்ளைகளின் கதை. குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரிக்கும் இறங்கும் நகரம். மக்களில் பாதிக்கு மேல் வட்டக் கூடாரங்களும் சிறு வீடுகளும் கொண்ட புறநகரில் வாழ்கிறார்கள். குழாய்வழிச் சூடு அங்கே எட்டாததால் அடுப்பில் கரி. 2019 மே மாதம் கச்சாக் கரிக்குத் தடை விதித்து, பதப்படுத்திய கட்டிகளைக் கொடுத்தார்கள். புகை குறைந்தது. ஆனால் பழகாத கட்டி, பழைய அடுப்பு, அடைத்த புகைபோக்கி எல்லாம் சேர்ந்ததில் கார்பன் மோனாக்சைடு நச்சேறி அந்த ஆண்டே சாவுகள் நேர்ந்தன. லண்டனில் கணப்பை மாற்றிக் கொடுக்கக் காசும், பின்னால் வருவதற்குக் கடல் எரிவாயுவும் இருந்தன. இங்கே அந்த இரண்டாவது பாதி இன்னும் வந்து சேரவில்லை.

இங்கிலாந்தில் மூட்டையில் கட்டிய வீட்டுக் கரி விற்பது 2021 மே 1 முதலும், உதிரியாக விற்பது 2023 மே 1 முதலும் தடைசெய்யப்பட்டன. கடைசி நிலக்கரி மின்நிலையம் ரேட்க்ளிஃப் ஆன் சோர் 2024 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. ஆனால் எல்லா அறையிலும் சூடு இருக்கும் வீடுகளில், அழகுக்காகவும் ஆசைக்காகவும், விறகு அடுப்புகள் இப்போது பெருகியிருக்கின்றன. வாகனங்களின் புகைக்குழாயிலிருந்து வரும் நுண்துகளைவிட வீட்டு விறகிலிருந்து வருவது அதிகம் என்று அரசின் கணக்கே சொல்கிறது. தடை பற்றிப் பேச்செடுத்தால் அமைச்சர்கள் நழுவுகிறார்கள்.